பூஜ்யச் சீட்டுகள்

லஷ்கர் போனாலு என்கிற அம்மன் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மெட்டுகுடாவில் பெய்த மழையில் ஓர் எருமை மிதந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அது எருமை இல்லை, யார் வீட்டு மொட்டைமாடியிலிருந்தோ பறந்து வந்த கறுப்புத் தார்ப்பாய் என்கிறாள் சாவித்ரி. முப்பத்தெட்டு வருஷமாக நான் பெருக்குகிறேன், என் மனைவி வகுக்கிறாள். எங்கள் குடித்தனம் அப்படித்தான் சரியான விடைக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

அன்றைக்கு ஊரே வைன்ஸ் கடை வாசலில் நின்றது. ஞாயிறும் திங்களும் பண்டிகை. இரண்டு நாளும் சாராயக் கடைகளுக்கு ஷட்டர். அதனால் சனிக்கிழமை மத்தியானமே ஜனங்கள் பிரளயத்துக்கு முன்னால் படகு ஏறுகிறவர்களைப் போல முட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசை வாரங்கல் வரைக்கும் போயிருந்தது. சாவித்ரி அதை ரயில் பாதைக்கு மேலே போகும் நடைப்பாலத்தோடு நிறுத்திவிடுவாள். சரி, நடைப்பாலம் வரைக்கும். அந்தப் பாலத்தின் படிக்கட்டில்தான் நந்தகுமார் விழுந்தான்.

நந்தகுமார் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். லோகோ பைலட் என்று இப்போது சொல்கிறார்கள். வயது நாற்பத்தாறு. தாத்தா காலத்தில் காட்பாடியிலிருந்து நீராவி இன்ஜினுக்குக் கரி அள்ளிப்போட வந்த குடும்பம். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் அவன் வீட்டுக்கும், வெளியே சந்தில் இருக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் நாலு வருஷத்துக்கு முன் ஓய்வு பெறும்வரை லாபியில் குமாஸ்தா. லாபி என்றால் ஹோட்டல் லாபி இல்லை. ஓட்டுநர்கள் வண்டி ஏறுவதற்கு முன் வந்து கையெழுத்துப் போடுகிற அறை. கையெழுத்துக்கு முன்னால் ஒரு சின்ன மெஷினில் ஊத வேண்டும். குடித்திருந்தால் மெஷின் கத்தும். இல்லாவிட்டால் நாக்கை நீட்டுகிற மாதிரி ஒரு சீட்டு வெளியே வரும். பேர், தேதி, மணி, பூஜ்யம். அந்த மெஷினுக்கு நான்தான் பூசாரி.

நான் ரிட்டயர் ஆன பிறகு மெஷினில் கேமரா வைத்துவிட்டார்கள். ஊதுகிற முகத்தைப் படம் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் நந்தகுமார் பாதி நாள் வண்டி ஏறுவதில்லை. லாபியிலிருந்து போன் வந்தால் அவன் மனைவி காஞ்சனா என் வீட்டுக்கு ஓடி வருவாள். நான் அவனுக்கு ஒரு வியாதி தயாரித்துக் கொடுப்பேன். சாதாரணக் காய்ச்சலெல்லாம் என் கௌரவத்துக்குக் குறைவு. அக்கியும் அம்மையும் சேர்ந்து போட்டது, முதுகுத்தண்டில் காற்றுப் புகுந்தது, பல் ஆஸ்பத்திரியில் தாடை மூடிக்கொண்டது. அவன் மாமனாருக்கு மட்டும் மூன்று தடவை காரியம் செய்தோம். நாலாவது தடவை அந்த மனுஷன் நிஜமாகவே ஊரிலிருந்து வந்து என் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இதிலெல்லாம் துளிகூட வெட்கம் இருந்ததில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் உண்டு.

சனிக்கிழமை நான் பாலத்தின் கீழே மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு நின்றேன். நந்தகுமார் துணிப்பையோடு மேலே இருந்து இறங்கி வந்தான். ஈரப் படி. அறுபது படி உருண்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். ஆறு படிதான். ஆனால் விழுந்தவனுடைய வலது தொடை, தொடை மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

நான் கிட்டப் போய்க் குனிந்தேன்.

"அண்ணா, பை" என்றான்.

"பை கெடக்குதுடா. காலப் பாரு."

"ஒடஞ்சுடுச்சா?"

"ஒடஞ்ச மாதிரிதான் தெரியுது."

"காலக் கேக்கல அண்ணா. பையி."

பையிலிருந்து மழைத் தண்ணீரோடு சேர்ந்து வாசனை ஓடிக்கொண்டிருந்தது. நாலு பாட்டில். எனக்குள் பரபரவென்று ஒரு குஷி கிளம்பியதை மறைக்க மாட்டேன். சிக்கலான சந்தர்ப்பம் என்றால் என் மூளை சிவராத்திரி தேர் மாதிரி ஜோடித்துக்கொண்டு புறப்படும். பையைத் தூக்கிப் புதரில் எறிந்தேன். போனாலுக்காகப் பாலத்தடியில் வேப்பிலைக் கொத்து விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் இரண்டு கட்டு வாங்கி அவன் மார்பின் மேல் வைத்தேன். பான் டப்பா என்கிற பெட்டிக்கடையிலிருந்து ஓர் இனிப்புப் பீடாவை வாங்கி அவன் வாயில் திணித்தேன். காலையிலேயே அவன் ஒரு சுற்றுப் போட்டிருந்தான் என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது.

"நீ வேப்பிலை வாங்க வந்தே. அம்மனுக்கு. புரியுதா?"

"ஹவ்" என்று பீடாவை மென்றபடியே வலியில் தலையாட்டினான்.

ஆட்டோவில் ஏற்றி ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கேஷுவால்டியில் இருக்கிற ஸ்பிரிட் வாசனைக்கு இவன் வாசனை எம்மாத்திரம். வேப்பிலையோடு படுத்திருந்தவனைப் பார்த்து வார்டு பாய்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

காஞ்சனாவும் மகள் சௌம்யாவும் நனைந்துகொண்டே வந்தார்கள். காஞ்சனா முதலில் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போனாள்.

"அண்ணா, கேஸ் ஷீட்ல மட்டும் அது வரக் கூடாதுண்ணா. வந்துச்சுன்னா இன்ஜின் போயிடும்."

அவள் சொன்னது சரி. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரயில்வேயில் உடம்பு அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் குடி என்று ஒரு சொல் விழுந்தால் அது நேராக ஆபீசுக்குப் போகும். இன்ஜினிலிருந்து இறக்கி எங்காவது மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

"நான் எதுக்கும்மா இருக்கேன்" என்றேன்.

சௌம்யாவுக்கு இருபது வயது. டிகிரி மூன்றாம் வருஷம். தமிழில் எது கேட்டாலும் ஹிந்தியில் பதில் சொல்கிற பெண். "ஜூட் நக்கோ பெரியப்பா. டாக்டர் கோ சச் போல்தோ" என்றாள். பொய் வேண்டாம், டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்கிறாள்.

"நீ சும்மா இருடி" என்றாள் காஞ்சனா.

டாக்டர் சின்னப் பெண். தெலுங்கும் ஹிந்தியும் இங்கிலீஷும் பேசுவாள், தமிழ் தெரியாது. தொடை எலும்பு முறிந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், அதுவரை காலில் எடை கட்டித் தொங்கவிட வேண்டும் என்றாள். பிறகு பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டாள்: "குடிப்பாரா?"

"இவனா?" என்று நான் ஹிந்தியில் ஆரம்பித்தேன். ஒரு வார்டு முழுக்கக் கேட்கிற குரல் எனக்கு. "கோயில்ல தீர்த்தம் குடுத்தாலே மோந்து பாத்துட்டுத்தான் வாயில வெப்பான் மேடம். இருமல் மருந்துல ஆல்கஹால் இருக்குன்னு லேபிளப் படிச்சிட்டு மூணு மாசம் இருமிகிட்டே வண்டி ஓட்டினவன். நம்ம டிவிஷன்லயே மெஷின் இவன்கிட்ட தோத்துப்போச்சு. நான் லாபியில இருந்தவன். என் கையால எடுத்த ரீடிங்கு."

பக்கத்துப் படுக்கையில் கை உடைந்து கிடந்த பாயின்ட்ஸ்மேன் இர்பான் விழுந்து விழுந்து சிரித்தான். நர்ஸ்களும் சிரித்தார்கள். காஞ்சனா கைப்பையிலிருந்து ஒரு கொத்துக் காகிதத்தை எடுத்தாள். ஊக்கு குத்திய சின்னச் சின்னச் சீட்டுகள். மெஷின் சீட்டு. லாபியில் நான் கொடுத்த இரண்டாம் பிரதிகளையும், இப்போது வருகிறவற்றையும் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவானாம். அவள் அவற்றை அங்காளம்மன் படத்துக்குப் பின்னால் சேர்த்து வைத்திருக்கிறாள். விபூதியோடு அதையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பாருங்க மேடம். ஜீரோ. எல்லாம் ஜீரோ."

டாக்டர் மேலே இருந்த நாலைந்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே பழக்கம் எதுவும் இல்லை என்று எழுதினாள். காஞ்சனா அந்தக் கொத்தை அவன் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

அவள் அதை எனக்காகச் செய்யவில்லை, டாக்டருக்காகவும் செய்யவில்லை. வீட்டில் குடிக்கிறவன் வண்டி ஏறும்போது சுத்தமாகத்தான் ஏறுகிறான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது. அது தெரிந்தும் நான் அன்றைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போய், தீர்த்தத்தை மோந்து பார்க்கும் கதையை சாவித்ரிக்கு இரண்டு தடவை நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தக் காஞ்சனா மூஞ்சிய நெனச்சா எனக்கு நல்லா இல்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியும் பூண்டுச் சட்னியும் எடுத்துப் போனேன். நந்தகுமாரின் கையில் டம்ளர் கடகடவென்று ஆடியது. பாதி காபி மார்பில் ஊற்றிக்கொண்டான். நெற்றியில் வேர்வை. வார்டில் மின்விசிறி சுற்றுகிறது, வெளியே மழை.

"கை கைக்கு ஆடுது குமார் பாய்?" என்றான் இர்பான். அவன் பாஷையில் கைக்கு என்றால் ஏன்.

"இருபது வருஷம் இன்ஜின் ஓட்டின கை இர்பான். இன்ஜின் நின்னாலும் கை நிக்காது" என்றேன் நான். இர்பான் மறுபடி சிரித்தான். நந்தகுமார் சிரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக் கிட்ட இழுத்தான்.

"அண்ணா, கொஞ்சம். தம்ஸ்-அப் பாட்டில்ல ஊத்தி. முடியல அண்ணா. உள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது."

நான் வெளியே வந்தேன். காஞ்சனாவும் பின்னாலேயே வந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஆபரேஷன் முடியற வரைக்குமாச்சும் கொஞ்சம் குடுத்துட்டா அடங்கிடுவாருண்ணா. நான் எப்படிப் போய் வாங்கறது. நீங்க..."

இருபத்திரண்டு வருஷமாக அவள் என்னோடு பேசுகிறாள். கடைப் பேரைக்கூட அவள் வாயால் சொன்னதில்லை. அன்றைக்கு அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எந்தக் கடையில் பின்கதவு உண்டு என்று எனக்கு வழி சொன்னாள்.

நான் போனேன். போனாலு என்றால் சும்மா இல்லை. தலையில் பானையும் அதன் மேல் விளக்குமாக ஆயிரம் பெண்கள். அம்மனுக்குத் தம்பியாக வேஷம் கட்டிய போத்துராஜு ஒருவன் உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு சாட்டையைச் சுழற்றியதில் என் குடையில் ஒரு கம்பி போயிற்று. மெட்டுகுடாவிலிருந்து சீதாபல்மண்டி வரைக்கும் இருக்கிற அத்தனை ஷட்டரையும் தட்டினேன். பின்கதவுகளில் போலீஸ்காரர்கள் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். ஐந்து லட்சம் பேர் புழங்குகிற ஊரில் ஒரு சொட்டுக் கிடைக்கவில்லை. பண்டிகைக்காக ஊரே இரண்டு நாள் சுத்தமாக இருந்தது. அறுபத்துநாலு வயசில், அம்மனுக்கு எடுத்துப்போகிற பானைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து நான் பிராந்தி தேடினேன். மஞ்சள் பூசிய ஒரு கிழவி எனக்கு வழிவிட்டு, "மெல்லகா போ நாயனா, அம்மவாரு எக்கடிக்கி போது" என்றாள். மெதுவாகப் போ, அம்மன் எங்கே போய்விடப் போகிறாள் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிஸ்டர் லூர்துமேரி டியூட்டிக்கு வந்தாள். தூத்துக்குடிக்காரி. முப்பது வருஷ சர்வீஸ். நந்தகுமாரின் நாடியைப் பிடித்தாள், கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தாள். பிறகு காஞ்சனாவை ஓரமாகக் கூப்பிட்டாள். நானும் போய் நின்றேன்.

"ஏளா, எங்கிட்ட சொல்லு. வீட்டுக்காரருக்குப் பழக்கம் உண்டா?"

"ஐயோ, இல்ல சிஸ்டர்."

"இது இன்னைக்கி விரல் நடுக்கம். நாளைக்கி இப்படி இருக்காது, பாத்துக்க. நான் எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். குடிச்சவன் குடிச்சான்னு தெரிஞ்சா அதுக்கு மருந்து இருக்கு. தெரியாமப் போனாத்தான் ஆள் போயிருவான்."

காஞ்சனா என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவள் என்னிடம் அனுமதி கேட்டாள் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் வாயைத் திறந்து, "சிஸ்டர், அவனுக்கு சின்ன வயசுலருந்தே ஊசின்னா பயம். ஆபரேஷன்னு சொன்னதும் நடுங்கறான். ஒரு தடவ கம்பவுண்டரப் பாத்தே மயங்கி விழுந்தான்" என்றேன்.

லூர்துமேரி சிரிக்கவில்லை. "நல்லா பேசுதிய" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் வார்டுக்குள் நுழையும்போதே அவன் குரல் கேட்டது.

"டிஸ்டன்ட். டபுள் எல்லோ."

நான் நின்றேன். ரயில்வேயில் இருந்தவனுக்கு அந்தக் குரல் தெரியும். ஓட்டுகிறவன் எதிரே வருகிற சிக்னலின் பேரையும் நிறத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிற உதவி ஓட்டுநர் அதைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாயும் ஒன்றைச் சொன்னால்தான் அது உண்மை. அதற்குத்தான் இரண்டு பேர்.

நந்தகுமார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். கண் எங்கேயோ ரொம்ப தூரத்தில் இருந்தது. வலது கை கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து விட்டது. காலில் கட்டியிருந்த எடை ஊஞ்சல் மாதிரி ஆடியது. உடைந்த தொடையோடு அவன் உந்தி உந்தி எழுந்தான், வலியே தெரியாமல். உடம்பெல்லாம் வேர்த்துப் படுக்கை நனைந்திருந்தது. வெளியே அம்மனின் யானை ஊர்வலத்துக்குத் தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அடி அவனுக்குச் சக்கரத்தின் அடியாகக் கேட்டிருக்க வேண்டும்.

"ஹோம். கிரீன். ஏய், இன்னாடா தூங்கறியா? திருப்பிச் சொல்லு."

காஞ்சனா அவன் தோளை அமுக்கினாள். அவளை உதறினான். "சிக்னல் வருது, திருப்பிச் சொல்லுடா."

சௌம்யா கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றாள். "ஹோம், கிரீன்" என்றாள், தெளிவாக.

அவன் உடனே கொஞ்சம் அடங்கினான். அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போது ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு தார்நாகா போகிற வழியெல்லாம் இருவரும் தெருமுனைச் சிக்னலைப் பார்த்து இப்படிக் கத்திக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன்.

"ஸ்டார்ட்டர். கிரீன்."

"ஸ்டார்ட்டர், கிரீன் அப்பா."

"லைன்ல ஆளு." அவன் குரல் உடைந்தது. "ஆளுங்க. பானை வெச்சிகினு பொம்பளைங்க நடக்கறாங்க. ஹாரன் அடி. பிரேக்கு பிடிக்கல. பிடிக்கல அண்ணா."

இரண்டு கையாலும் கட்டில் கம்பியை இழுத்தான். எடை கட்டிய கயிறு கப்பியை விட்டுக் கழன்றது. இர்பான் உடைந்த கையோடு எழுந்து ஓடி வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டான். "யா அல்லா, கோயி ஆவோ" என்று கத்தினான். அன்றைக்குக் காலை டியூட்டியில் இருந்த லூர்துமேரியும் இரண்டு வார்டு பாய்களும் வந்தார்கள். ஆறு பேர் சேர்ந்து அவனைப் படுக்க வைத்தோம். சொன்னால் யார் நம்பப் போகிறீர்கள், நான் எதையும் ஆறாகச் சொன்னால் இரண்டாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஆறு பேர்தான்.

டாக்டர் ஓடி வந்தாள். காய்ச்சல் நூற்றுமூன்று. நாடி எண்ண முடியாத வேகம். அவள் முகத்தில் சனிக்கிழமைச் சிரிப்பு இல்லை.

"விழுந்தபோது தலையில் அடிபட்டதா? மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த நிலையில் அசைத்தால் ஆபத்து. குடி நின்றதால் வந்தது என்றால் இப்போதே வேறு மருந்து, நிறைய மருந்து தர வேண்டும். இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டும். குடிப்பாரா?"

காஞ்சனா தலையணைக்கு அடியில் கையை விட்டு அந்தச் சீட்டுக் கொத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் பேசுகிறவன் நான்தானே. எருமையும் வாரங்கல் வரிசையும் அளந்துவிட்ட வாயிலிருந்து ஒரு பூனைக்குட்டிச் சத்தம் வந்தது.

"எப்பவாச்சும் மேடம். பண்டிகை, நல்லநாள்னா. ஒரு சின்ன பெக்கு."

ஆயுசு முழுக்கப் பெருக்கினவன் நான். வகுத்தது அந்த ஒரு தடவைதான்.

"இல்ல" என்றாள் சௌம்யா.

தமிழில் சொன்னாள். டாக்டருக்குப் புரியாது என்பது நினைவு வந்து அவளே ஹிந்தியில் திரும்பச் சொன்னாள். பிறகு இரண்டு பாஷையிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள், இரண்டு பக்கத்துக்கும் கேட்கட்டும் என்பது போல.

"தினம். பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இல்லன்னா பிரஷ் கையில நிக்காது. அப்புறம் நாள் முழுக்க. ஒரு ஃபுல் பாட்டிலு. சில நாள் அதுக்கும் மேல. பாத்ரூம் ஃப்ளஷ் டாங்க்ல வெப்பாரு, வாஷிங் மெஷின் பின்னால வெப்பாரு, என் காலேஜ் பேக்ல ஒரு தடவ வெச்சாரு. அது தெரியாம நான் கிளாஸுக்கு எடுத்துட்டுப் போனேன். நான் டென்த் படிக்கறப்பலருந்து. சனிக்கிழமை வேப்பிலை வாங்கப் போகல. அது வாங்கத்தான் போனாரு."

"சௌமீ" என்றாள் காஞ்சனா. அதட்டலாக ஆரம்பித்த சொல் அழுகையாக முடிந்தது. "ஆனா மேடம், டியூட்டிக்குக் குடிச்சிட்டுப் போகமாட்டாரு. பாருங்க, இதப் பாருங்க. மெஷின் பொய் சொல்லாது."

அவள் அந்தக் கொத்தை டாக்டரின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அந்த நேரத்தில் நந்தகுமார் தலையைத் திருப்பினான். அவன் கண் என் மேல் வந்து நின்றது. எங்கேயோ இருந்தவன் சட்டென்று லாபிக்கு வந்து சேர்ந்துவிட்டான். மரியாதையாக, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு முறையும் எப்படிக் கேட்பானோ அப்படியே கேட்டான்.

"ரகுநாதண்ணா, வண்டி டைமாயிடுச்சு. இன்னைக்கும் நீங்களே ஊதிடுங்கண்ணா."

காஞ்சனா நீட்டிய கொத்தை மெல்லக் கீழே இறக்கினாள்.

"என்ன சொல்கிறார்?" என்று டாக்டர் லூர்துமேரியிடம் கேட்டாள்.

லூர்துமேரி என்னைப் பார்த்தாள். "அவுகளே சொல்லட்டும் மேடம். அவுகதான் நல்லா பேசுவாக."

நான் சொன்னேன். ஹிந்தியில் சொன்னேன். என் ஹிந்தி எப்போதும் ஆட்டம் போடும். அன்றைக்கு ஸ்கூல் பையன் பாடம் ஒப்பிப்பது போல வந்தது. லாபியில் இவன் வாய் நாறிக்கொண்டு வந்து நிற்கும் நாட்களில், இவன் பேரை அழுத்திவிட்டு மெஷினில் நான் ஊதினேன். அந்தப் பூஜ்யம் என்னுடையது.

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தாள். அவளுக்கு அதற்கு மேல் என்னிடம் வேலை இல்லை. சனிக்கிழமை எழுதிய வரியை ஒரே கோடாக அடித்துவிட்டு வேறு எழுதினாள். மருந்தின் பேரைச் சொல்லி லூர்துமேரியை ஓட விட்டாள். என்னை ஒதுங்கச் சொன்னாள்.

நான் தாழ்வாரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐம்பத்தெட்டு வேகன் கொண்ட வண்டி. நிலக்கரி. காஜிபேட்டை வரைக்கும் எத்தனை கேட், எத்தனை பிளாட்பாரம். ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் நான் இத்தனை வருஷம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன், நல்ல பையன், பெண் குழந்தை படிக்கிறது, ஒரு மூச்சுதானே என்று கொடுத்தேன். அவனைக் காப்பாற்றினேன் என்று என் மனசுக்குள் ஒரு சிலைகூட வைத்துக்கொண்டேன். முதல் நாளே மெஷின் கத்தியிருந்தால் அவனைப் பிடித்து எங்காவது வைத்தியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அப்போது அவனுக்குக் கை நடுங்கவில்லை.

சௌம்யா வந்து எதிரே நின்றாள். உட்காரவில்லை.

"எத்தன தடவ பெரியப்பா?"

"ஒரு..." என்று ஆரம்பித்தேன். அவள் சாவித்ரி கணக்குக் கேட்கிறபோது நிற்கிற மாதிரியே நின்றாள்.

"பதினொண்ணு" என்றேன்.

"பக்கா?"

"பதினொண்ணு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவனைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டித்தான் வைத்திருந்தார்கள். மருந்து ஏறிக்கொண்டே இருந்தது, கால் ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. சாவித்ரி இரண்டு வேளையும் கஞ்சியும் ரசமும் அனுப்பினாள். நான் கொண்டுபோய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருவேன். வேப்பமரத்தடியில் ரிட்டயர்டு ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ரகுநாதா, நந்தகுமாருக்கு என்னமோ பிரம்மராட்சஸ் புடிச்ச மாதிரி ஆயிடுச்சாமே, ஆஸ்பத்திரியே நடுங்கிச்சாமே, சொல்லு" என்றார் வைத்தியநாதன். "குடிச்சு வந்த வியாதி" என்றேன். மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். மிச்சம் என்னிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வியாழக்கிழமை போனபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. கட்டிலோடு கட்டியதை அவிழ்த்துவிட்டார்கள், நந்தகுமார் தூங்கிக்கொண்டிருந்தான். முகம் ஒரு பிடியாகச் சுருங்கி, சவரம் செய்யாமல், அவன் அப்பாவைப் போல இருந்தான். இர்பான் என்னைக் கண்டதும் வழக்கமாகச் சொல்லும் சலாமைச் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பாயின்ட்ஸ்மேன். தண்டவாளத்தில் நிற்கிற வேலை அவனுக்கு.

காஞ்சனா தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

"காலைல கண்ணு முழிச்சாரு" என்றாள். "என்னைத் தெரிஞ்சுது. ஷீட்ல எழுதிட்டாங்களான்னுதான் மொதல்ல கேட்டாரு."

"நீ இன்னா சொன்னே?"

"எழுதிட்டாங்கன்னேன். இன்ஜின் இனிமே இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கால் தேறினதும் அந்த வைத்தியத்துக்கு வேற வார்டுல போடணுமாம். சௌம்யா கையெழுத்துப் போட்டுட்டா."

"லாபிக்கு நான் போய்ச் சொல்றேம்மா. என் பேர்ல எழுதிக் குடுத்துடறேன். பதினொரு தடவையும்."

வேண்டாம் என்று சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் சொல்லவில்லை.

மடியிலிருந்து சீட்டுக் கொத்தை எடுத்து ஊக்கைக் கழற்றினாள். "இதுல எதெல்லாம் உங்களுதுண்ணா? எடுத்துக் குடுங்க. அதுங்களுக்கும் நான் கற்பூரம் காட்டிருக்கேன்."

நான் கொத்தை வாங்கிப் பிரித்தேன். மேலே இருந்தவை புதுசு; பேர், தேதி, மணி, பூஜ்யம், மூலையில் அவன் முகம். அடியில் போகப் போக எழுத்து மங்கியது. அந்தக் காகிதம் அப்படித்தான், வருஷமானால் வெளுத்துவிடும். என் காலத்துச் சீட்டுகள் ஒன்றில்கூட ஒன்றும் இல்லை. பேரும் இல்லை, பூஜ்யமும் இல்லை. பஸ் டிக்கெட் அளவுக்கு வெறும் வெள்ளைத் துண்டுகள், நாற்பது ஐம்பது இருக்கும். குங்குமக் கறை மட்டும் சிலவற்றில். அவனே சுத்தமாக வந்து ஊதிய நாட்களும் அதில் இருந்தன. எது அவன் மூச்சு, எது என் மூச்சு என்று வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

"தெரியலம்மா" என்றேன்.

காஞ்சனா என் கையிலிருந்து கொத்தை வாங்கினாள். எழுத்து இருப்பவற்றைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளையாக இருந்தவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நேராக்கி, ஊக்கைக் குத்தி என் பக்கம் பெஞ்சில் வைத்தாள்.

"இதெல்லாம் உங்களுதாவே இருக்கட்டும்" என்றாள். "வீட்டுக்கு எடுத்துக்கினு போங்க."